பேக்கரி கூலரும் ஒரு துண்டு ஃபோமும்

பீன்யாவில் மெட்ரோ ஏறியதும், டூல் பையோடு எனக்கு முன்னால் நின்ற ஏசி மெக்கானிக் தன் சிநேகிதரிடம் சொன்னார்: "நல்லா ஓடிட்டிருந்த கம்ப்ரசர நானே கொன்னுட்டேன் மச்சான்."

"எப்படிடா?"

"ஆஸ்டின் டவுன்ல ஒரு பேக்கரி கூலர். சூப்பர்ஹீட், அதான் கேஸ் எவ்வளவு சூடாத் திரும்புதுன்னு பாக்க பைப்புல தெர்மாமீட்டர் மாட்டினேன். மேல ஃபோம் சுத்தாம விட்டுட்டேன். வெளிச் சூட்டயும் சேத்துக் காட்டுச்சு. சூடு ஜாஸ்தி, அப்போ கேஸ் கம்மின்னு நெனச்சு இன்னும் ஏத்திட்டேன். அதிகமான கேஸ் ஆவியாகாம லிக்விடாவே உள்ள போயி கம்ப்ரசர் காலி."

"ஓனரம்மா திட்டினாங்களா?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

"இல்ல. 'நான்தான் கூலர் கதவ சரியா மூடல போல, தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இனிமே பாத்து மூடுங்கம்மான்னேன்."