சாக்கில் ஒரு கோல்ஃப் சட்டை

வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலம். பிரிக்பீல்ட்ஸ் பங்கீட்டு அரிசி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். மூத்தவள் வெள்ளைக்காரத் துரைசானி வீட்டில் ஆயாவாக இருந்தவளாம். அந்தம்மா ஓடிப்போனபோது விட்டுச்சென்ற கோல்ஃப் சட்டையை ரவிக்கைக்குப் பதிலாகப் போட்டிருந்தாள். இளையவள் கையில் காலிச் சாக்கு.

“இந்த வெயிலுக்கு வெள்ளைதான் எடுக்கணும். கலர்ல வேர்வை தெரியும்.”

“துணிக்கு எங்கக்கா போறது? இந்தச் சாக்கத்தான் தைக்கப்போறேன்.”

“தை. அக்குள்ல அகலமா வெட்டு. துரைசானி கோல்ஃப் குச்சிய வீசறப்போ அங்கதான் கிழியும்.”

“நான் மண்வெட்டில்ல வீசறேன். அந்த கோல்ஃப் திடல் பூரா இப்ப மரவள்ளிதானே.”

“ரெண்டும் ஒரே கைவீச்சுதான்.”

“சாக்கு அரிக்குமே அக்கா.”

“நாகரிகம்னா கொஞ்சம் அரிக்கும் லா. காலர் வைக்க மறந்துடாத. காலர் இல்லாத பொம்பளைய அந்த கோல்ஃப் கிளப்புக்குள்ள விடமாட்டாங்க.”

இளையவள் சாக்கை விரித்து, காலருக்குத் துணி மிஞ்சுமா என்று பார்த்தாள்.

“காலர் வச்சுப் போட்டிருந்தா வெள்ளைக்காரன் காலத்துல நம்மள உள்ள விட்டிருப்பாங்களா?”

மூத்தவள் தன் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டாள்.

“போட்டுக்கிட்டு போனா விடமாட்டாங்க. இஸ்திரி போட்டுக் கையில ஏந்திக்கிட்டு போனா விடுவாங்க. பின்வாசல்ல.”