ஆர்கானுக்கு எந்தக் கோடி

என் குறிப்பில் “பங்குனி, செவ்வாய், காட்பாடி–ஆம்பூர் ரயில்” என்று இருக்கிறது. ஆண்டு விட்டுப்போயிற்று, 1930களின் தொடக்கம். எதிரே ரசாயனப் பரீட்சை எழுதிவிட்டு வந்த இரண்டு மாணவர்கள்.

“ஆர்கானை எங்கடா வச்ச?” என்றான் உயரமானவன்.

“தனிமங்க டேபிள்ல இடது கோடி. பொட்டாசியத்துக்கு முன்னாடி.”

“போச்சு. வலது கோடிடா, குளோரினைத் தாண்டி. எதோடயும் சேராத வாயுவுக்குக் கடைசி இடம்தான்.”

“பேஜார் பண்ணாதடா. பெயிலானா மாமா படிப்பை நிறுத்திட்டு தோல் மண்டியில உக்கார வச்சிடுவாரு.”

குடியாத்தம் தாண்டியதும் இடது கோடியில் வைத்தவன் கேள்வித்தாளைக் குழலாகச் சுருட்டினான்.

“இப்போ பாரு. இதுதான் டேபிள்னு வச்சுக்க. ரெண்டு கோடியும் ஒட்டிக்கிச்சு. எங்க வச்சாலும் குளோரினுக்கும் பொட்டாசியத்துக்கும் நடுவுலதான்.”

“திருத்துறவரு சுருட்டிப் பாப்பாரா?”

ஆம்பூர் பிளாட்பாரத்தில் மாமா நின்றிருந்தார். “இன்னாடா, எப்டி எழுதின?”

“சரியாத்தான் மாமா,” என்றான், சுருட்டிய தாளை விரிக்காமலே.

அக்காலத்து அட்டவணைகள் சிலவற்றில் ஆர்கான் போன்ற வாயுக்கள் இடது கோடியிலும், சிலவற்றில் வலது கோடியிலும் இருந்ததைப் பின்னாளில் பார்த்தேன். அவன் விடைத்தாளைத் திருத்தியவர் எதைப் பார்த்துத் திருத்தினார் என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.