விழுந்தவனிடம் திரும்பிப் போகிறவள்

டக். டக்-டக்-டக்.

நிற்கிறது. மூச்சு விடலாமா என்று யோசிக்கும்போது மறுபடி. டக்-டக்.

"பின்னாடி! பின்னாடி வர்றான்! படு! படுத்துரு!"

படுத்துவிட்டேன். அடுப்படித் தரை. கன்னம் மொசைக்கில். வடிதட்டு எங்கோ உருள்கிறது. கஞ்சி இடது காலில் கொட்டியிருக்கிறது. சுடுவது தெரியவில்லை. ஜெனி எங்கே. அது ஒன்றுதான் தலைக்குள். ஜெனி எங்கே.

பிறகு வாசம் வந்தது. கருகிய வாசம் இல்லை. வெந்த பொன்னி அரிசியின் வாசம். இது மன்னார்குடி. என் நாத்தனார் ஸ்டெல்லாவின் வீடு. மே மாதத்து நடுப்பகல். சுட்டது அடுத்த அறையில் என் மகள் ஜெனியின் போன். ஹெட்செட் பின் கழன்று, விளையாட்டின் சத்தம் வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு இந்தச் சுடுகிற விளையாட்டு ஆகுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பு தேடும்போது கேட்கிறார்கள். "நீங்க நெஜமாவே பாத்தவங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க." பார்த்தவள்தான். அதனால் பதில் தெரிந்தவள் என்று நினைக்கிறார்கள்.

2023 ஏப்ரல். சூடான். கார்ட்டூம் நகரம். சனிக்கிழமை காலை. என் கணவர் அருளுக்கு அங்கே ஒரு மாவு மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். ஜெனிக்கு வயது பதினொன்று. முதல் சத்தம் கேட்டபோது நாங்கள் பயப்படவே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். எங்களுக்குத் திருவிழாவுக்கும் வேட்டு, சாவுக்கும் வேட்டு. "யாரு வீட்லயோ விசேஷம்" என்றார் அருள். தோசையைத் திருப்பிப் போட்டார். அடுத்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி தோசைக்கல்லில் விழுந்தது.

மெத்தைகளை எடுத்து ஜன்னல்களை மறைத்தோம். நடைவழியில் படுத்தோம். கரண்ட் போனது. தண்ணீர் போனது. வெயில் போகவில்லை. விமானம் வரும் முன் தெருநாய்கள் அடங்கும். பிறகு தரை அதிரும். பிறகுதான் காது. ஜெனி சத்தங்களுக்குப் பேர் வைத்தாள். தூரத்தில் உறுமுவது மாடு. விடாமல் ஓடுவது தையல் மிஷின். பேர் வைக்க முடியாத ஒன்றும் இருந்தது. அது சொல்லிக்கொண்டு வராது. சுவரில் ஓட்டை இருக்கும். அதைப் பார்த்துத்தான் வந்துபோனது தெரியும்.

விளையாட்டில் அது கிடையாது. கவனித்திருக்கிறேன். அங்கே கொல்ல வருகிறவனின் காலடி கேட்கிறது. எந்தப் பக்கம் என்று காது சொல்கிறது. செத்தால் சுட்டவன் பேர் திரையில் வருகிறது. எங்களுக்கு யாரும் பேர் சொல்லவில்லை.

ஊருக்கு வந்தோம். நானும் ஜெனியும். தை மாதம் செயின் போட்ட அறுப்பு மிஷின் தெருமுனையில் திரும்பும். நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொள்வேன். ஜெனி வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். எது டாங்கி, எது மிஷின் என்று அவள் காது பிரித்துவிடுகிறது. என் காது இன்னும் கற்கவில்லை. அவள் அழவில்லை. அப்பா என்ற சொல்லை எடுக்கவில்லை. போனை எடுத்தாள். சுட ஆரம்பித்தாள். இப்போது பதினாலு வயது. அரிசி டிரம்முக்குள் போனை ஒளித்தேன். கண்டுபிடித்தாள். அடிக்கக் கை ஓங்கினேன். என்னைப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டேன்.

கஞ்சி கொட்டிய அன்று மாலை. காலில் மருந்து தடவி உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டெல்லாவின் மகன் கெவின் ஓடி வந்தான். ஏழு வயது. ரெண்டு விரலை என் நெற்றியில் வைத்தான்.

"ஹெட்ஷாட் அத்தே! நீங்க அவுட்டு. லாபிக்குப் போங்க!"

லாபி, விளையாட்டில் செத்தவர்கள் போய் நிற்கும் இடம். இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம் போட்டான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்து முடிப்பதற்குள் கார்ட்டூம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு சோதனைச் சாவடியில் ஒரு பையன் நின்றான். மீசை அரும்பவில்லை. காலில் ரப்பர் செருப்பு. தோளில் அவன் உயரத்துக்குத் துப்பாக்கி. எங்கள் காரைச் சுட்டுவிட்டு அவனும் ஆடினான். அவனைக் கெடுத்தது போன் இல்லை. அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்த பெரியவர்கள். இதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து வந்தாள். "அண்ணி, பாத்துக்கிட்டே இருக்கீங்களே! ஜெனிகிட்டேர்ந்து அந்த போனப் புடுங்கி எறிங்க. எங்க அண்ணன் போன விதத்துக்கு, இந்தக் கழுத துப்பாக்கியத் தொடலாமா?"

"உன் மவன்கிட்டயும் புடுங்கு."

"அவன் சின்னப் புள்ள. பக்கத்துல உக்காந்து பாக்கத்தானே செய்றான்."

"சுட்டுட்டான் ஸ்டெல்லா. இப்பத்தான் செத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து நொண்டிக்கொண்டே ஜெனியின் அறைக்குப் போனேன். பிடுங்கினேன். வயர் தெறித்தது. அறை முழுக்கப் பையன்களின் குரல்.

"ஜெனி, விட்டுட்டு வா! அவன் போய்ட்டான்! ஓடு, ஓடு!"

"டேய், விட்டுட்டுப் போனீங்க, பேராவூரணிலேர்ந்து பஸ் ஏறி வந்து அடிப்பேன்டா!"

திரையில் அந்தப் பேராவூரணிப் பையனின் ஆள் முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தான். அடிபட்டு விழுந்தவன் உடனே சாக மாட்டானாம். கூட்டாளி பக்கத்தில் போய் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் எழுந்துவிடுவானாம். அதற்கு ரிவைவ் என்று பேர்.

"குடும்மா! செத்துருவான்! சரி, நீயே அமுக்கு. அந்தப் பட்டன். விட்டுராத!"

அமுக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு வட்டம் மெல்ல நிரம்பியது. பாதி நிரம்பியிருக்கும். டக். திரை சாம்பல் நிறமானது.

"இந்த லூசு எப்பவும் இப்படித்தான்டா. விழுந்தவன் பின்னாடியே போயி டீமையே கவுத்துரும்."

போனை அணைத்தேன். "எப்பவுமா?"

"ம்."

"ஏன்டி?"

ஜெனி கட்டில் கம்பியைச் சுரண்டினாள். "திரும்பிப் போனா வர முடியுமான்னு பாக்குறேன்." கம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "செல தடவ முடியுதும்மா. செவுரு இருந்தா முடியுது. அங்க செவுரு இருந்துச்சா? எனக்குத் தெரியல. நீதான் கையால மறச்சிட்டியே. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

மூன்று வருடம். யார் கேட்டாலும் ஒரே வரி சொல்லியிருக்கிறேன். போகாமல் இருந்திருக்கலாம், போனார். இவளிடம் அந்த ஒரு வரியும் சொல்லவில்லை. நான் சொல்லாததை இவள் போனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தச் சொன்னேன். சொன்னேன்.

ஊருக்கு அனுப்பும் பேருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரும் என்றார்கள். சுடுபட்ட கார் ஓடவில்லை. நடக்கிறோம். மில்லின் ஆட்கள், குடும்பங்கள். அருள் கையில் குச்சி. அதில் என் வெள்ளைத் துப்பட்டா. குறுக்கே ஒரு தெரு. தேர் ஓடும் அளவுக்கு அகலம். ஆள் இல்லை. ஒவ்வொருவராகத் தாண்டுகிறோம். கடைசியாக மனோஜ். மில்லில் வெல்டர். பீகார்க்காரர். தொடையில் பட்டது. நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லால் கத்தினார். "அண்ணா! அண்ணா!"

மதில் இருந்தது. இடுப்பு உயரம். நடுவில் இடிந்தது. பாதித் தெருவுக்குத்தான் மறைப்பு. அருள் குனிந்தபடி ஓடினார். மதில் முடிந்தது. அப்பவும் ஓடினார். காலரைப் பிடித்து இழுத்தார். மனோஜை மதிலுக்கு இந்தப் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டார். தானும் வர ஒரு எட்டு பாக்கி. எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. உட்கார்ந்தார். தொலைத்த எதையோ தரையில் தேடுகிறவர் மாதிரி. பிறகு சாய்ந்தார். மில் ஆட்களில் ஒருவர் கத்தினார்.

"ஓடுங்கக்கா! நிக்காதீங்க! புள்ளயத் தூக்கிட்டு ஓடுங்க!"

ஓடினேன்.

ஜெனி கேட்டாள். "மனோஜ் மாமா?"

"இருக்காரு. ஒரு காலைச் சாச்சு நடக்கிறாராம்."

"அப்ப ரிவைவ் ஆயிருச்சு."

என் வாயில் வராத வார்த்தை. ஆனாலும் சொன்னேன். "ஆயிருச்சு."

பசிக்குது என்றாள். மத்தியானச் சோறு குழைந்து கிடந்தது. ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம். சாப்பிடும்போதுதான் அழுதாள். ஸ்டெல்லா அப்பளம் பொரித்து வைத்தாள்.

கேட்டவர்களுக்கு என் பதில். கெவினுக்கு ஆகாது. ஸ்டெல்லாவின் போனிலேயே அந்த விளையாட்டு இருந்தது. அவளுக்கே தெரியாது. அழித்தோம். தரையில் புரண்டான். புரளட்டும். விழுந்தவன் எழுந்துவிடுவான் என்று ஏழு வயதில் கற்கக் கூடாது. ஜெனியின் போனில் இருக்கிறது. எடுக்கவில்லை. சரியா, தெரியவில்லை. பக்கத்தில் உட்காருகிறேன். சுடும் சத்தம் வருகிறது. எழுந்து போகிறேன். கொல்லையில் நிற்கிறேன். திரும்ப வருகிறேன். அவள் இப்போதும் விழுந்தவனிடம் போகிறாள். மதில் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுப் போகிறாள். மற்ற பிள்ளைகள் வீட்டில் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள். எனக்குத் தெரியாது. அதைத்தான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

இழந்தவை. ஒரு வீடு, அதில் இருந்த எல்லாம். என் இடது காதுக்குக் கேட்பதில் பாதி. மில்லின் ஆட்கள் இருவர். அவர்கள் பேரை அவர்கள் வீட்டார்தான் எழுத வேண்டும். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த ஒரு பெண். செத்தாளா, பிழைத்தாளா, தெரியாது. ஜெனியின் மூன்று வருடப் பேச்சு. அருள். உடல் வரவில்லை. கல்லறையில் பேர் மட்டும் இருக்கிறது. இழக்காதது, மனோஜ். இதையும் கணக்கில் சேர் என்றவள் ஜெனி.

மனோஜை இழுத்து வரக் கிளம்பும்போது அருள் போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் எங்கள் பக்கம் யாரும் படி இறங்க மாட்டார்கள். பையைக் கழற்றி என் பக்கம் போட்டார். தெருவைப் பார்த்தார். ஜெனியைப் பார்த்தார்.

"புள்ள கண்ணப் பொத்து."