உறுதியா? ஆம், இல்லை

அவைக்கு அழகாய், அமைதிக்கு அரணாய் வீற்றிருக்கும் தலைவர் அப்துல் ஸமத் ஹாஜியார் அவர்களே! கறுவாவும் மிளகும் மணக்கும் மாத்தளைக்குக் கணினி மணமும் சேர்க்க வந்திருக்கும் காணித் தரகர், இன்றைய விழா நாயகர், தம்பி றம்ஸீன் அவர்களே! முன்வரிசையை மூன்று மணிக்கே பிடித்துக்கொண்ட பெரியோர்களே! பின்வரிசையில் இருந்தாலும் பேச்சின் பிழையை முதலில் பிடிக்கும் தாய்மார்களே! சிற்றுண்டிப் பொதி எப்போது வரும் என்று வாசலையே பார்த்திருக்கும் வாலிபச் சிங்கங்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் ஸக்கரியா. முப்பத்தொரு வருடமாக இந்த நகரத்தில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு. வாழ்த்துரை வழங்கி, இதோ இந்தப் பொத்தானை அமுக்கி, 'காணிக்கண்' என்ற இணையத்தளத்தைத் திறந்து வைக்கும்படி அழைத்தார்கள். வாழ்த்தத்தான் வந்திருக்கிறேன். வாழ்த்து எந்தப் பக்கம் போகும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

என்ன தளம்! எப்பேர்ப்பட்ட தளம்! தம்புள்ளைச் சந்தையில் லொறி லொறியாக மரக்கறி இறங்குவது போல, தட்டினால் காணி கொட்டுமாம். நீச்சல் தடாகம் வேண்டுமா? அதற்கொரு கட்டம். ஜன்னலைத் திறந்தால் சீகிரியாக் குன்று தெரிய வேண்டுமா? அதற்கொரு கட்டம். படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை, வாகனம் எத்தனை, எல்லாவற்றுக்கும் கட்டம்! கட்டமெல்லாம் நிரப்பிக் களைத்துப்போய், காணியைக் காட்டு என்றால் காட்டுமா? காட்டாது! முதலில் உன் டெலிபோன் நம்பரைக் கொடு என்கிறது. கொடுத்த மாத்திரத்தில் அந்த மனிதருக்கு ஒரு புதுப்பெயர் கிடைக்கிறது. 'லீட்'! நேற்றுத்தான் தம்பி எனக்கு விளக்கினார். "ஸக்கரியா நானா, காணி தேடி வார ஆள்ட நம்பர்தான் லீட். ஒரு லீட்ட பதினொரு ஏஜண்டுக்கு அனுப்பலாம்." அடடா! இத்தனை காலமும் நான் அவர்களை மனிதர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

என்ன ஹாஜியார், மணிக்கூட்டைப் பார்க்கிறீர்கள்? நான் இன்னும் வாழ்த்தத் தொடங்கவே இல்லை.

அப்படி ஒரு லீட் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார். நான்காம் வரிசை, பச்சைச் சீலை. பெயர் மங்களேஸ்வரி. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தோட்டத்துக்கே சொந்தமான வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறிப்பவர். அவருடைய லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து விரிசல் விட்டிருக்கிறது. மண்சரிவு அபாயம், மாதம் முடிவதற்குள் வெளியேறு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். எங்கே போவது என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். இந்த அம்மாவுக்கு நீச்சல் தடாகம் வேண்டாம். சீகிரியாவும் வேண்டாம். சேர்த்து வைத்த காசுக்கு, சின்னதாய் ஒரு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி, அதற்கு ஒரு சுத்தமான உறுதி. அவ்வளவுதான் வேண்டும்.

மூன்று மாதமாகப் பரீட்சார்த்தமாக ஓடுகிற இந்தத் தளத்தில் தேடினார். கட்டம் நிரப்பினார். நம்பர் கொடுத்தார். கடைசியில் திரையில் ஒரு கேள்வி வந்தது. 'உறுதியா? ஆம், இல்லை.'

சிரிக்கிறீர்கள்! உங்களுக்குப் புரிந்துவிட்டது. தளத்தைக் கடலுக்கு அப்பால் செய்வித்தார்கள். நிச்சயம்தானா என்று கேட்பதாக நினைத்து அவர்கள் அப்படி எழுதிவிட்டார்கள். நமக்கு உறுதி என்றால் என்ன? நொத்தாரிசு எழுதி, சாட்சிகள் கையொப்பமிட்டு, காணிப் பதிவகத்தில் பதிந்து, அலுமாரியில் பூட்டி வைக்கிற பத்திரம் அல்லவா உறுதி! தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவரிடம் உறுதியா என்று கேட்டால் எதை அமுக்குவார்? 'இல்லை' என்றே அமுக்கினார். தளம் மூடிக்கொண்டது. மறுபடி நிரப்பினார், மறுபடி இல்லை. ஏழு தடவை! மகள் விதுஷா பார்த்துவிட்டு, "ஆம்னு அமுக்குங்கம்மா" என்றாள். தாய் என்ன சொன்னார் தெரியுமா? "இல்லாத உறுதிய இருக்குன்னு எப்புடிடி அமுக்குறது? நாளைக்கி யாராச்சும் வந்து காட்டுன்னு கேட்டா என்னத்தக் காட்டுவேன்?"

காணி விளம்பரம் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கூச்சம் இருக்கிறது? பெயர் சொல்ல மாட்டேன். சிலர் தாமாகவே தலை குனிவதால் சொல்லத் தேவையும் இல்லை.

மகள் 'ஆம்' என்று அமுக்கிவிட்டாள். அவ்வளவுதான்! அடுப்படியில் நின்றால் அழைப்பு, கொழுந்து மலையில் நின்றால் அழைப்பு, கோயிலில் கும்பிடக் கை எடுத்தால் அழைப்பு! "மேடம், வில்லா பாக்குறீங்களா?" "மேடம், ஹோட்டல் போடுற ஐடியாவா?" கூடை சுமக்கிறவருக்கு ஒரே நாளில் பதினொரு மேடம்! அதில் ஒருவர் இதே தளத்தில் போட்ட தன் விளம்பரப் படத்தையும் அனுப்பினார். பனி தவழும் எல்கடுவ மலைக்காட்சிக் காணி, இந்தக் கிழமையே முற்பணம் கட்டினால் உங்களுக்கே உங்களுக்கு என்று.

அந்தப் போனோடு அம்மா என் கந்தோருக்கு வந்தார். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல எடம்தானேம்மா?" என்றேன்.

"நல்ல எடந்தாங்க ஐயா. அந்தக் கொடியில காயிறது என்னோட சீலை."

கேட்டீர்களா! எந்த மலையிலிருந்து ஓடு என்றார்களோ, அதே மலையை அவருக்கே விற்க வருகிறார்கள்! வெடித்துக் கிடக்கிற சரிவுக்கு மலைக்காட்சி என்று பெயர்! "சீலையும் சேத்துத்தான் வெலையாங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. பதிவகத்துக்குப் போய் ஏடு ஏடாகப் புரட்டினேன். விற்க வந்தவர் பெயரில் உறுதியும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. கொழும்பிலிருந்து ஒருவர் பார்த்திருந்தால் பனியை மட்டும் கண்டு, அங்கே வீடு கட்டிப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருப்பார். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது, ஐயா!

தம்பி றம்ஸீன்! நீங்கள் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். நம்பரைக் கேட்க முன் உறுதியைக் காட்டுங்கள்! படத்தைப் போட முன் பதிவைப் பாருங்கள்! எத்தனை குளியலறை என்று கேட்கத் தெரிந்த தளத்துக்கு, இது யாருடைய காணி என்று கேட்கத் தெரியாதா?

கைதட்டல் போதும். பொத்தானை அமுக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார்கள். அமுக்குகிறேன். இதோ, பெரிய திரையில் கேட்கிறது. 'உறுதியா?' இதற்குப் பதில் சொல்ல என்னிலும் தகுதியானவர் இருக்கிறார். மங்களேஸ்வரியம்மா, மேடைக்கு வாங்க! வழி விடுங்கள், வழி விடுங்கள்.

"நான் என்னத்த அமுக்கணுங்க ஐயா?" என்று கேட்கிறார். உங்களுக்கு எது உண்மையோ அதை அமுக்குங்கம்மா.

'இல்லை'! எட்டாவது தடவை! திரை இருண்டுவிட்டது.

தம்பி றம்ஸீன் எழுந்து வருகிறார். ஒலிவாங்கி வேண்டுமா தம்பி? வேண்டாமாம், அம்மாவிடம்தான் பேச வேண்டுமாம். "அந்த விளம்பரத்த இப்பவே எடுக்கிறேன் உம்மா. ஒங்களுக்கு நானே காணி பாத்துத் தாறேன். நம்பரச் சொல்லுங்க."

அம்மா சொன்ன பதில் பின்வரிசைக்குக் கேட்டதா? இல்லையா? நான் திருப்பிச் சொல்கிறேன். "நம்பர் ஒங்ககிட்டதாங்க தம்பி இருக்கு. உறுதி இருந்தா கூப்புடுங்க."

என் வாழ்த்துரையும் அதுதான். பொறுமையோடு கேட்டிருந்த உங்களுக்கும், இனி எந்தத் திறப்பு விழாவுக்கும் என்னை அழைக்கப் போகாத தலைவருக்கும் மனமார்ந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம், ஸலாம். தம்பி, மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.