சொல் விழாத தோல்

இந்த முற்றத்து அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மசவூதா அம்மையாரே! வெள்ளிதோறும் விளக்கேற்றி வீட்டுக்கு ஒளி தரும் தாய்மார்களே! மல்லிகை சூடி வந்திருக்கும் தோழிகளே! வாசல் கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கும் என் மாமா அவர்களே! தோல் பதனிடும் கமூசின் மகள் கஸாலா உங்களை வணங்குகிறேன்.

என்ன, பின்வரிசையில் சிரிப்பு? இவளுக்குப் பேச வருமா என்றா? எனக்கும் அதே சந்தேகம்தான்!

அப்பாவின் சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? நிலவைக் கரைத்து ஊற்றியது போல் ஒரு வெண்மை. அதில் ஆட்டுத்தோல் மிதக்கும். மேகம் மிதப்பது போல மெல்ல மிதக்கும். ஆனால் நம் வேதமான தோராவை எழுதப்போகும் தோல் என்றால், இறங்கும்போதே அதன்மேல் ஒரு சொல் விழ வேண்டும். "தோராவின் புனிதத்துக்காக" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் இறக்க வேண்டும். மனத்தில் நினைத்தால் போதாதா? போதாது என்பார் அப்பா; சொல் விழாத தோலில் தோரா எழுதக் கூடாது.

மாமா கண்மூடுமுன் பார்க்க வேண்டும் என்று ஸ்மீரா அத்தை எழுதுவித்த தோராச் சுருளைத்தான் இன்று நாம் வரவேற்கக் கூடியிருக்கிறோம். கடைசி ஏட்டுக்கான தோல் சட்டத்தில் காய்ந்து, சுரண்டப்பட்டு, பால்போல் நின்றது. சுருளை வரவேற்கும் விருந்துக்கு நாளும் குறித்தாயிற்று. எழுத்தர் ஹுவீதா வந்து வழக்கம்போலக் கேட்டார்.

"கமூசு, சொல்லித்தானே இறக்கினே?"

அப்பா தாடியைத் தடவினார். "சொல்லியிருப்பேன்... ஞாபகம் இல்லையே."

"சொல்லாம எங்க போயிருப்பான்? நீங்க எழுதுங்க சாமி!" என்றார் அத்தை.

"கஸாலா, நீ அங்கதானே இருந்தே?" என்றார் அப்பா.

அத்தை சிரித்தார். "அவளைப் போய்க் கேக்கறியா? வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயப்படறவளாச்சே!"

தாய்மார்களே, நான் தலையசைத்திருந்தால் போதும். யாருக்குத் தெரியும்? தோலுக்கு வாய் உண்டா? தொட்டிக்கு வாய் உண்டா?

"சொல்லலப்பா. நீங்க வாயெடுக்கறப்ப, எப்ப முடியும்னு அத்தை கத்தினாங்க. நீங்க திரும்பினீங்க. தோல் வழுக்கி விழுந்துடுச்சு."

அத்தையின் முகம் வெளுத்தது. "அடிப்பாவி, இன்னொரு தோல் பதமாகுற வரைக்கும் உன் மாமா இருப்பாராடி?"

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "இருக்கேன் ஸ்மீரா. எங்க போகப் போறேன்? நீதான் எந்திரிக்கவே விடமாட்டியே!"

புதுத்தோல் இறங்கியது. அன்று அப்பா சொன்ன சொல் மூன்று தெருவுக்குக் கேட்டது! அந்த ஏட்டோடு முடிந்த சுருள்தான் இதோ தெருமுனையில் வருகிறது. மாமா இருக்கிறார், கண் விழித்திருக்கிறார்.

அந்தப் பழைய தோல் என்னாயிற்று என்கிறீர்களா? அத்தையின் மடியைப் பாருங்கள். ஆம், அந்தத் தர்புக்கா மேளத்தின் முகம் அதுதான்! சொல் விழாத அந்தத் தோலில் எழுத்தில்லை. ஆனால் இன்று சுருளுக்கு வரவேற்பு சொல்லும் முதல் குரல் அதனுடையது. என்னை இந்த மேடையில் தள்ளிவிட்டவரும் அத்தைதான்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அத்தை, அடிங்க! அம்மாமார்களே, குலவை!