ஐம்பத்தெட்டு டிகிரி வெளிச்சம்

வாசகப் பெருமக்களே, ஓர் அநீதிக்குச் சாட்சியாக உங்களை அழைக்கிறேன். மழை ஓய்ந்த தெரு, அதிலொரு குட்டை, குட்டையில் நடுங்கும் சிவப்பு விளக்கு: இவ்வளவுதான் பொருள். எங்கள் கையடக்க வீடியோ கேம் கருவியின் திரையிலிருந்து அந்த விளக்கின் பிம்பத்தை வரும் வெள்ளியன்று நீக்கப்போகிறார்கள்.

பெல்லிங்ஹாம் நகரில் அக்கருவியின் காட்சிப் பிரிவுக்கு நான் தலைவன். ஒளியின் ஒவ்வொரு கதிரையும் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வேண்டும் என்றேன். படத்தைச் சிறிதாக வரைந்து, பெரிதாக்கி, இடைவெளியை ஊகத்தால் நிரப்பும் அப்ஸ்கேலிங் போதும் என்றார் சக பொறியாளர் ஒடெஸா. ஊகத்தை ஒளியென்று விற்பதைப் பகுத்தறிவு எங்ஙனம் ஏற்கும்?

"ஏம்ப்பா பர்க், ஏழு இன்ச் திரையில குட்டைக்குள்ள என்ன தெரியுதுன்னு எவன் குனிஞ்சு பாக்கப்போறான்? இது கேம் கருவியா, வாஃபிள் சுடுற கல்லா?" என்றார் ஒடெஸா. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கதிர்க் கணக்கின் சுமையில் கருவியின் முதுகு ஐம்பத்தெட்டு டிகிரி சூட்டைத் தொட்டது உண்மைதான்.

ஆனால் எங்கள் நிறுவனத்தில் வெப்பமானியின் சொல் இறுதியன்று. கையின் சொல்லே இறுதி. சோதனையாளர் ஒருவர் நான்கு மணி நேரம் விடாது பிடித்து விளையாடி, 'சுடவில்லை' என்று கையொப்பமிட்டால் கருவி சந்தைக்குப் போகும். இருவர் இருபது நிமிடத்தில் கீழே வைத்துவிட்டார்கள். மூன்றாமவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்னுடையது. வெண்டலைத் தேர்ந்தெடுத்தேன்.

நல்ல மனிதர். "சர்க்கரை வந்ததுலேர்ந்து விரல்ல உணர்ச்சியே இல்ல பாஸ். சூடான காபி கையில கொட்டினதே பொண்டாட்டி கத்தித்தான் தெரிஞ்சுது" என்று உணவறையில் அவர் என்னிடம் சொல்லிச் சிரித்தது அதற்கு முந்தைய மாதம்தான்.

நான்கு மணி நேரமும் விசிலடித்தபடி விளையாடினார். இரண்டாம் மணி நேரத்தில் அவருடைய இடக்கை கொப்புளித்திருப்பதைக் கண்டேன். அறையின் விளக்குகளைத் தணித்தேன். திரையின் அழகு அப்போதுதான் எடுபடும். 'சுடவில்லை' என்று அவர் எழுதியது முழு உண்மை. அவரைப் பொய் சொல்ல வைத்தேன் என்று எவரும் கூற முடியாது. கருவி சந்தைக்குப் போயிற்று. மருத்துவர்கள் அவருடைய மூன்று விரல்களை அகற்றிய அன்று பூங்கொத்து அனுப்பினேன்.

இப்போது அவர் பெயரைச் சொல்லியே அந்த ஒளியை அணைக்கிறார்கள். அவருடைய தியாகத்தை இதைவிட அவமதிக்க இயலுமா? இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதுங்கள். வெண்டலின் கையொப்பம் செல்லும் என்று எழுதுங்கள். எந்தக் கையால் இட்டது என்று கேட்பார்கள். வலக்கை என்று சொல்லுங்கள், அதில் ஐந்து விரல்களும் இருக்கின்றன.