குப்பைப் படத்தில் ஒரு வால்

— “...ஆகவே, பிப்ரவரி பதினான்காம் தேதி காலை பத்து மணியுடன் அண்டங்காக்கை ஆய்வுப் பிரிவு மூடப்படுகிறது. அதன் அறை புலிப் பிரிவுக்கு ஒதுக்கப்படுகிறது.” இதான்க்கா உத்தரவு. இப்ப மணி ஒன்பது இருபது. சாவியக் குடு.

— உத்தரவக் கீழ வைடா. முதல்ல இந்தப் படத்தப் பாரு.

— காக்காப் படம் பார்க்கவா வந்தேன்? என் பெண் புலி எழுபத்தாறு நாளா எந்தக் கேமராவிலயும் விழல. செத்துட்டான்னு பத்து மணிக்கு இயக்குநர் மேடம் பதிவேட்டுல எழுதப்போறாங்க. எழுதிட்டா அவ இருக்கிற பள்ளத்தாக்குக்குக் காவலே கிடையாது. எனக்கு வயிறு எரியுதுக்கா!

— அதனாலதான் பாருங்கறேன். உன் பதினோராம் கேமரா. முந்தாநேத்து எடுத்தது.

— என்னோடதா? நான் பார்க்கவே இல்லையே.

— எப்படிப் பார்ப்ப? பறவை இருந்தா குப்பைன்னு தள்ளச் சொல்லி உன் கணினிக்குக் கத்துக் குடுத்தவனே நீதான? வாராவாரம் உன் குப்பையத்தான் நான் கேட்டு வாங்கிக் கிளறிட்டு இருக்கேன்.

— சரி, சரி. மான் செத்துக் கிடக்கு. சுத்தி பத்து அண்டங்காக்கா. ஓசிச் சாப்பாடுன்னா கூட்டத்துக்குக் கேக்கணுமா!

— மானோட தொடை கிழிஞ்சிருக்கா?

— கிழிஞ்சிருக்கு. கொத்தியிருக்கும்.

— மண்டு! அந்த மூக்கு கண்ணக் கொத்தும், நாக்கப் பிடுங்கும். முழு மான் தோலக் கிழிக்க அதால முடியாது. யாராவது கிழிச்சுக் குடுக்கிற வரைக்கும் காத்துக் கிடக்கும்.

— நாய் கிழிச்சிருக்கும்.

— நாய் வயித்துல ஆரம்பிக்கும். தொடையில ஆரம்பிக்கிறது யாரு? நீ சொல்லு.

— அக்கா... புலி! புலிதான்க்கா!

— கத்தாத, இன்னும் இருக்கு. இந்தப் போக்கிரி எதப் பிடிச்சு இழுக்குதுன்னு பாரு.

— வால்! கறுப்பு வளையம்! புலி வாலயே இழுக்குதுக்கா! என்ன திமிரு!

— ஒண்ணு வால இழுக்கும். புலி திரும்பினா இன்னொண்ணு கறியத் தூக்கும். உன் புலி தனிக்காட்டு ராணி. இதுங்க சேர்ந்தா கடைசி வரைக்கும் பிரியாத ஜோடி. திருடப் போனாலும் சேர்ந்துதான் போகும்.

— உசிரோட இருக்கா! இரு, மேடத்தக் கூப்பிடறேன்... ஆனா வால் ஏன்க்கா இவ்வளவு ஒல்லியா இருக்கு? நோஞ்சானாயிட்டாளா?

— பக்கத்துல நிக்கிற காக்காய அளவா வெச்சுக்கோ.

— ...குட்டி! ரெண்டு மாசக் குட்டி! எழுபத்தாறு நாளா அவ ஒளிஞ்சு கிடந்தது பிரசவத்துக்கா!

— அண்டங்காக்கா வருஷாவருஷம் நாலஞ்சு முட்டை போடும். அவ ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவதான் பெறுவா. அவ பேர அடிச்சுத் தள்ள நீங்க எல்லாம் பத்து மணின்னு நேரம் குறிச்சீங்க.

— என்ன ஆட்டம் இங்க? கீழ் அறை வரைக்கும் அதிருது.

— மேடம், வாங்க மேடம்! பதிவேட்ட மூடுங்க! புலி சாகல, அம்மாவாயிட்டா!

— மூடிட்டேன். நீ நாற்காலி மேலேர்ந்து இறங்கு.

— இப்பவே ஆளுங்களக் கூட்டிட்டுப் போறேன் மேடம்!

— கூடாது மேடம். ஆள் வாடை பட்டா குட்டியத் தூக்கிட்டு இடம் மாறிடுவா.

— அப்படின்னா ரெண்டு பேரும் எதிர் மேட்டுல உக்காந்து தொலைநோக்கியில பாருங்க.

— இவனும் வேண்டாம். போன வருஷம் அண்டங்காக்கா கூட்டுக்கு ஏணி சாத்தினான். அதுங்க ஒரு மூஞ்சியப் பார்த்தா மறக்காது. இவனக் கண்டாலே காட்டையே கூட்டும், அவ உஷாராயிடுவா.

— அக்கா! அது என் புலிக்கா!

— அவங்க சொல்றதுதான் சரி, உக்காரு தம்பி. பேனா எடு, என் புது உத்தரவ நான் சொல்லச் சொல்ல எழுது. பள்ளத்தாக்கில் மூன்று மாதங்களுக்கு யாரும் நுழையக் கூடாது. அண்டங்காக்கைப் பிரிவு மூடப்படாது. அதன் ஆய்வாளர் மட்டும் எதிர் மேட்டில் அமர்ந்து, அண்டங்காக்கைகள் எங்கே இறங்குகின்றன என்று குறிப்பார். அந்தக் குறிப்பே புலியின் பதிவேடாகக் கொள்ளப்படும். புலிப் பிரிவு இன்று முதல் அவருக்குக் கீழ் இயங்கும்.